காராச்சேவு சாட்சி

கொரோனா வார்டில் வேலை பார்த்து, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் நர்ஸ்களுக்கு அரசு உதவி தருகிறதாம். இன்று விருதுநகரில் மனுக் கொடுக்கப் போனேன். ஆபீஸ் இரண்டாவது மாடி. ஏறி முடித்தபோது வியாதிக்குத் தனியாக சர்டிபிகேட் தேவைப்படவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்தவர், "எந்தப் பட்டாசுக் கம்பெனி?" என்றார். எங்கள் பக்கம் யாருக்கு மூச்சிரைத்தாலும் முதல் கேள்வி அதுதான்.

"நான் நர்ஸ் சார். கொரோனா வார்டு."

"அங்க வேலை பார்த்ததுக்கு அத்தாட்சி வேணும்லம்மா?"

என்னை ஃபோனில் கூப்பிட்டு வேலைக்கு வைத்தார்கள், ஃபோனிலேயே நிறுத்தினார்கள். வார்டாக இருந்த கல்யாண மண்டபத்தில் இப்போது வளைகாப்பு நடக்கிறது.

அப்போதுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

"சார், நீங்க அந்த மண்டபத்துல ஜன்னலோரக் கட்டில்ல இருந்தீக. தலையணைக்கு அடியில சாத்தூர் காராச்சேவு ஒளிச்சு வச்சிருந்தீக. அம்புட்டு இருமல்லயும் திங்கிறீகன்னு நாந்தான் பிடுங்குனேன்."

கவச உடைக்குள் இருந்த என் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. பேனாவை மூடி வைத்தார்.

"அது நீங்கதானா? கால் கிலோம்மா. பாதிகூடத் திங்கலை."

பிறகு ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, தண்ணீர் கொடுத்தார்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பைலுக்குத் தெரியணும்ல? நீங்க அங்க வேலை பார்த்தீகன்னு ஒரு கெஜட்டட் ஆபீசர்ட்ட எழுதி வாங்கிட்டு வாங்க."

ஆகவே, அந்த மண்டபத்தில் என்னிடம் தின்பண்டம் பறிகொடுத்தவர்களில் கெஜட்டட் ஆபீசர் யாராவது இருந்தால் கமெண்டில் வரவும். பொட்டலத்தைப் புதிதாகவே வாங்கித் தந்துவிடுகிறேன்.