வீட்டுக்கு அடியில் ஒரு விளையாட்டுத் திடல்

செவேரா ரியாஸ்கோஸ் தரைப் பலகை ஒன்றைக் கழற்றிச் சுவரில் சாய்க்கிறார். குனிந்து, திறந்த இடத்தில் மூக்கை நீட்டி மோந்து பார்க்கிறார். கடல் வடிந்துவிட்டதா என்பதைக் கண்ணுக்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். வடிந்திருந்தால் ஏணியை இறக்குவார். முதலில் தான் இறங்கி, சேற்றைக் காலால் துழாவி, ஆணி, சிப்பி, போத்தல் சில்லு எல்லாவற்றையும் வாளியில் பொறுக்குவார். அதன் பிறகே குரல் வரும்: "எறங்குங்கடா, என் நண்டுங்களா!"

புவெனவெந்துரா துறைமுகத்தின் இந்தக் கரையில் வீடுகள் கடல்மேல் மரக்கால் ஊன்றி நிற்பவை. வேலைக்குப் போகும் தாய்மார் பன்னிரண்டு பிள்ளைகளை அவரிடம் விட்டுச் செல்கிறார்கள். எல்லாம் ஐந்து வயதுக்கு உட்பட்டவை. தெருவில் விளையாட வழியில்லை. அதை இரண்டு கும்பல்கள் சுட்டுச் சுட்டுப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆகவே ஓட்டமும் இழுபறியும் கயிற்றாட்டமும் வீட்டின் அடியில், மரக்கால்களுக்கு நடுவே. சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பழக்கம் செவேராவுக்கு உண்டு. அப்படிப் புகைத்தபடியே பிள்ளைகளை விரட்டுவார். மதியம் வாழைக்காய் வறுவல் பரிமாறும்போது ஒரு சட்டம்: "கால் சுத்தமா இருக்கறவனுக்குக் கடைசியாத்தான் தட்டு."

எலியசருக்கு மூன்று வயது. அண்ணன் தெருவில் குண்டுபட்டு இறந்த நாளிலிருந்து அவனைத் தாய் ஒதிலியா தரையில் விட்டதில்லை. இடுப்பு, இல்லாவிட்டால் தொட்டில். செவேராவிடம் வந்தபோது அவன் கால்கள் துடைப்பக் குச்சிகள்.

"சேத்துல விழுந்துட்டா?" என்றாள் ஒதிலியா.

"விழட்டும்டி. நீ என்ன, நடந்துகிட்டேவா பொறந்தே? சேறு புடிச்சுக்கும். உன்னவிட நல்லாப் புடிச்சுக்கும்."

சேறு பிடித்துக்கொண்டது. இரண்டு மாதம் புதைந்து நின்று அழுதவன், ஒருநாள் தானே ஒரு காலை உருவினான். சேறு 'பொளக்' என்றது. அந்தச் சத்தத்துக்கு அவனே சிரித்து, மறு காலையும் உருவினான். பிறகு ஏணியின் முதல் படி. இரண்டாம் படியில் கால் நடுங்கிக்கொண்டிருந்த வாரத்தில்தான் வில்மார் வந்தான்.

வில்மாரும் இதே சேற்றில் நடை பழகியவன். இப்போது அந்தக் கும்பல்களில் ஒன்றின் ஆள், இடுப்பில் துப்பாக்கி. உட்காரவில்லை.

"அம்மா, இனிமே கீழ யாரையும் எறக்காதீங்க. படகு வரும், சாமான் வைப்பாங்க."

"பகல்லயுமாடா?"

"எப்பவும்."

"இந்தப் புள்ளைக்கு இன்னும் கால் வரலடா. ரெண்டு மாசம் குடு."

"நானா முடிவு பண்றேன்? சொல்லச் சொன்னாங்க. அடுத்த தடவ வேற எவனாச்சும் வருவான், பேசமாட்டான்."

"உன்ன நடக்க வச்சது இந்தக் கைதான்."

"தெரியும்மா. அதனாலதான் நானே வந்தேன்."

பலகையைத் தானே பொருத்தி, நான்கு மூலையிலும் ஆணி அடித்தான். வாசலில் நின்று திரும்பினான். "மேலயும் குதிக்க விடாதீங்க. கீழ இருக்கறவங்களுக்கு எரிச்சலாவும்."

பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஓடாத பிள்ளைக்குப் பசியும் இல்லை, வறுவல் மிஞ்சியது. பத்து நாளில் எலியசர் மறுபடி கையை நீட்டி, "தூக்கு" என்றான்.

ஒதிலியா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "விட்டுடுங்கம்மா. நடக்கலன்னா என்ன, உசுரோட இருந்தாப் போதும்."

"ஒருநாள் இங்கயும் சுட ஆரம்பிப்பானுங்கடி, ஓடியாகணும். அப்ப இவன யாரு தூக்குவா?"

ஒதிலியா பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

செவேரா நாற்காலியை ஒதுக்கினார். பாவாடையைக் கால்களுக்கிடையில் இறுகச் செருகிக்கொண்டு, அறுபத்தொரு வயது உடம்பை அறையின் குறுக்கே நீளமாகக் கிடத்தினார். ஒரு விரலை உதட்டின்மேல் வைத்தார். மறு கையால் சேற்றைப்போல் மெத்தென்ற தன் வயிற்றை மெல்லத் தட்டி, எலியசரைப் பார்த்து, ஏறு என்று சைகை காட்டினார்.