துளையிட்ட மரக்கிண்ணம்

நான் படித்தறியாத விஷயமே இல்லை என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் கழித்து, பெங்களூரின் அரசு அருங்காட்சியகத்தில் வேளாண்மைக் கூடம் அமைக்கும் பொறுப்பு கிடைத்தபோது நானும் அதை நம்பினேன்.

திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரமே இருந்தது. கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முனியம்மா, சமையல் பாத்திரங்களின் நடுவே இருந்த மரக்கிண்ணத்தைப் பார்த்து நின்றாள். அதன் அடியில் விரல் நுழையும் அளவுக்கு நான்கு துளைகள். 'கஞ்சி வடிக்கும் கிண்ணம்' என்று எழுதி வைத்திருந்தேன்.

"இன்னாம்மா இது? இதுல வடிச்சா சோறும் சேர்ந்து பூடுமே!" என்று சிரித்தாள். "ராகி விதைக்கிற கருவி இருக்குதே, கூரிகெ, அதோட தலை இது. உடம்பைக் கலப்பைங்க பக்கத்துல நிக்க வெச்சுட்டு, தலையை அடுப்பங்கரையில வெச்சிருக்கீங்க."

வருகிறவர்கள் கண்டுகொண்டால் என் வேலை நிலைக்காது. "இப்போ என்ன பண்றது, முனியம்மா?"

அவள் கிண்ணத்தைக் கருவியின் மூங்கில் குழாய்கள் மேல் பொருத்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். மாடுகளுக்குப் பின்னால் நடந்தபடியே பெண்கள் அதில் விதை விடும் விதத்தையும் நடந்து காட்டினாள்.

விழாவுக்கு வந்த அமைச்சரிடம் அதையெல்லாம் நானே அறிந்தவள்போல் விளக்கினேன். கைதட்டினார்கள். முனியம்மா துடைப்பத்துடன் கதவருகே நின்றாள். அவள் பெயர் என் நாக்குவரை வந்து நின்றுவிட்டது.

"நல்லாத்தான் சொன்னீங்கம்மா," என்றாள் பிறகு. "விதை வுடறது பொம்பளைங்கன்றத மட்டும் வுட்டுட்டீங்க."

என்னை நம்பிய குடும்பத்தார் இன்று இல்லை. முனியம்மாவும் இல்லை. அந்தக் கயிற்றைக் கட்டியது யார் என்று அறிந்தவளாய் நான் ஒருத்தி இருக்கிறேன்.