கண்ணாயியின் நாலு கேள்விகள்

அரியூர் நாட்டுக் கண்ணாயி தலையாட்டாவிட்டால் உலகத்தில் ஒரு ஏரோப்ளேனும் தரையை விட்டுக் கிளம்பாது. மேகங்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகரும். இத்தனைக்கும் அவர் ஏரோப்ளேனை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அவருக்குத் தெரிந்தது ஜீப். மலையிலிருந்து மிளகு மூட்டையோடு எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்குகிற ஜீப்பில் மற்றவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டதும் ஏறிவிடுவார்கள். கண்ணாயியும் கும்பிடுவார், ஏறமாட்டார். வண்டி யாருது? பிரேக்கைப் பார்த்தது யார், எப்போது? ராத்திரி தூங்கினாயா? உனக்கு முடியாமல் போனால் யார் ஓட்டுவது? நாலுக்கும் பதில் வரவேண்டும். ஒருமுறை மூன்றாம் கேள்விக்கு டிரைவர் கொட்டாவி விட்டான். மூட்டையை இறக்கிவிட்டு மறுநாள்தான் போனார்.

2002-இல் மிளகு வாங்கும் கொச்சி வியாபாரி, தன் ஆலையைக் காட்டுவதற்கு மலைக்காரர்கள் நாலு பேரைச் சேலத்திலிருந்து வாடகை விமானத்தில் கூட்டிப்போவதாகச் சொன்னார். கண்ணாயி ஏறினால் ஏறுகிறோம் என்றார்கள் மற்ற மூவரும். அதில் ருக்குமணி, தான் பறக்கப்போவதைப் பக்கத்துத் திண்ணனூர் நாடு வரைக்கும் சொல்லி முடித்திருந்தாள்.

"ஏரோப்ளேன் கம்பெனி போன் நம்பர் குடுங்க," என்றார் கண்ணாயி.

வியாபாரி சிரித்தார். "கலெக்டர்கூட இதெல்லாம் கேக்கமாட்டாரும்மா. என்னை நம்பலையா?"

"நம்புறனுங்க. ஆனா நீங்க ஓட்டப்போறதில்லீங்களே."

நம்பர் வந்தது. சனிக்கிழமை அவருக்கு மரவள்ளி பிடுங்கும் வேலை. அதனால் அண்ணன் மகன் கார்த்தியைச் செம்மேட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு அனுப்பினார். கார்த்தி ஒன்பதாவதோடு நிறுத்தியவன். இதை எழுதுகிறவனும் அவனே.

கம்பெனியின் மெட்ராஸ் ஆபீஸ்காரன் முதல் கேள்வியிலேயே கையை விரித்தான். விமானம் அவர்களுடையது இல்லையாம். யாரிடமாவது எடுத்துத் தருவார்களாம். எது வரும், யார் ஓட்டுவார் என்பதெல்லாம் அன்றைக்குக் காலையில்தான் தெரியுமாம்.

கார்த்தி போனை வைத்தான். அத்தை நாமக்கல்லைத் தாண்டியதில்லை. பெட்டியடியில் வைத்திருந்த நீலச் சேலையைப் பயணத்துக்கென்று அவர் வெயிலில் உலர்த்தியதை அவன் பார்த்திருந்தான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது அத்தை," என்றான் காட்டுக்கு வந்து. "சொந்த வண்டி. ஓட்ட ரெண்டு பேரு. நல்லாத் தூங்குறாங்களாம்."

"சோதிச்சது யாரு?"

"தேவராஜ்னு ஒரு இன்ஜினியரு. நேத்துத்தான் பாத்தாராம்."

கண்ணாயி கிழங்கிலிருந்த மண்ணைத் தட்டினார். "செரி சாமி, போய்ச் சாப்புடு."

திங்கட்கிழமை விடிகாலையில் வழியனுப்பப் போனான் கார்த்தி. சேலத்துக்குக் கூட்டிப்போக வியாபாரி அனுப்பிய கார் காலியாக நின்றது. நாலு பேரும் பஸ் பக்கத்தில் இருந்தார்கள். ருக்குமணி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். நீலச் சேலைக்காரர் முன்சக்கரத்தைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு டிரைவரிடம் மூன்றாம் கேள்வியில் இருந்தார்.

"ஏனுங்க அத்தை, ஏரோப்ளேன உட்டுப்போட்டுக் கொச்சிக்குப் பஸ்ஸுலயா?"

"நேத்து நானே போன் போட்டுப் பேசிட்டேன்." கண்ணாயி படியில் காலை வைத்தார். "அது கெடக்குது. நம்ம மெக்கானிக்கு தேவராசு வெள்ளிக்கெழம பூரா ஜீப்புக்கு அடியில படுத்துக் கெடந்தான் கண்ணு. மெட்ராசுல ஏரோப்ளேன எப்படா பாத்தான்?"