பெட்டிக்குள் பேசிய சீனக்காரி

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட காலத்தில் நான் கரியாலூருக்குப் பக்கத்தில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். என் ஊர் சின்னசேலம். மலைக்கு மாற்றல் என்றால் தண்டனை என்று எல்லோரும் சொன்னார்கள். யாருக்குத் தண்டனை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மாதத்தில் ஒரு நாள் மலையேறி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிய வாத்தியார்களைத்தான் அந்தப் பிள்ளைகள் அதுவரை பார்த்திருந்தார்கள்.

அந்த வருஷம் கள்ளக்குறிச்சிப் பக்கம் விடுதியோடு இருந்த ஒரு தனியார் பள்ளி, மலைப் பிள்ளை ஒன்றுக்குப் பதினொன்றாம் வகுப்பில் இலவச இடம் தருவதாகச் சொன்னது. ஒரே ஓர் இடம். அதற்கு ஒரு பரீட்சை. இங்கிலீஷைப் படித்துப் புரிந்துகொள்கிறார்களா என்று காலையில். காதால் கேட்டுப் புரிந்துகொள்கிறார்களா என்று மதியம்.

அந்த இடம் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டும் என்று நினைத்தேன். பத்தாவது எழுதி முடித்திருந்தாள். நெடுநெடுவென்று இருப்பாள், அதிகம் பேசமாட்டாள். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய இங்கிலீஷ் பேப்பர்களைப் பொட்டலம் கட்டிய மடிப்போடு படித்து முடித்தவள். அவள் அப்பா முந்தைய வருஷம் செத்துப்போயிருந்தார். அம்மா கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்குப் போக மேஸ்திரியிடம் பேர் கொடுத்திருந்தாள், மகள் பேரையும் சேர்த்து. ரோட்டில் கிடந்த மரங்களை எடுத்ததும் லாரி வரும். இடம் கிடைத்தால் பெண் கள்ளக்குறிச்சிக்கு, கிடைக்காவிட்டால் லாரியில். நடுவில் வேறு வழி இல்லை.

அவள் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குச் சாமி வரும். வந்தால் முதலில் யாருக்கும் புரியாத ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு ஊரில் யாரும் வாய் திறக்கக்கூடாது, கையைக்கூட அசைக்கக்கூடாது. வந்தது சாமியா, வழியில் திரிகிற வேறு ஏதாவதா என்று தெரியாது. ஒருவர் எதிரில் நின்று யார் என்று கேட்க வேண்டும். அது தன் பேரைச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் பேசலாம். எதையாவது கொடுத்தால் பதிலுக்கு ஒன்று வாங்காமல் அது போகாது. கடைசியில் கேட்டவரேதான் அதை மலையேறச் சொல்லி அனுப்பவும் வேண்டும். அந்த வீட்டில் எதிரில் நின்று கேட்பது சின்ன வயதிலிருந்தே இவள் வேலை.

பரீட்சை நடத்த வந்த ஆள் முந்தின நாள் ஜீப்பில் ஏறி வந்தார். கச்சிராயபாளையம் தாண்டியதும் அவருக்குப் பின்னாலேயே மரங்கள் விழுந்துவிட்டன. ஒரு மரம் கரண்டு கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஜீப் டிரைவர் வண்டியைப் பள்ளிக்கூட வாசலில் போட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக நடந்தே ஊருக்கு ஓடிவிட்டான். கோடை மழை வேறு. மேகம் இறங்கி வகுப்பறைக்குள்ளேயே வந்து நின்றது. பக்கத்து பெஞ்சில் இருப்பவரின் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. கீழே எங்கோ கோடாலி விழும் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் நிற்கும். மறுபடியும் நம் முதுகுக்குப் பின்னால் ஆரம்பிக்கும்.

மறுநாள் காலைப் பரீட்சை நன்றாகவே போனது. பூமிக்கு அடியில் ஓடும் ரயில் பற்றி ஒரு பக்கம். சின்னசேலம் ரயிலையே பார்க்காத பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். ஆனாலும் எழுதினார்கள்.

மதியம் அவர் டேப் ரெக்கார்டரை மேஜைமேல் வைத்தார். கரண்டு இல்லாததால் கடையில் டார்ச்சுக்கு விற்கும் பேட்டரிகளை வாங்கிப் போட்டோம். கேசட் டப்பாவின் சீலை என் எதிரில்தான் உடைத்தார். டப்பாமேல் பள்ளியின் பேர் போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. ஓரம் பிரிந்த இடத்தில் கோடு கோடாக வேறு எழுத்து தெரிந்தது.

“இது இன்னா எழுத்து சார்?”

“சீனா எழுத்து. சீனம் பேசற ஐஸ்கூல் பசங்களுக்கு அங்க போட்ட பரீட்சை டீச்சர். எங்க கரஸ்பாண்டன்ட் தம்பி சிங்கப்பூர்ல இருந்து அனுப்பிச்சாரு. இங்கிலீஷு எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

“நீங்க ஒரு தரம் போட்டுக் கேட்டீங்களா?”

“சீல் வச்சத எப்டிப் போட்டுக் கேக்கறது?” என்று என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தார்.

பிறகு விதிகளைப் படித்தார். டேப் ஒரு தரம்தான் ஓடும். கேள்விக்கு நாலு பதில் அச்சில் இருக்கும், ஒன்றை வட்டம் போட வேண்டும். வாயைத் திறந்தால் வெளியே. சொல்லிவிட்டு பட்டனை அழுத்தினார்.

முதலில் இரைச்சல். அப்புறம் ஒரு பொம்பளை பேசினாள். இங்கிலீஷ் இல்லை. மேலே ஏறிக் கீழே இறங்கும் ஒரு பேச்சு, நிதானமாக, நேராக நம்மைப் பார்த்துச் சொல்வது மாதிரி. எப்படிப் பரீட்சை எழுத வேண்டும் என்று சீனப் பிள்ளைகளுக்குச் சீனத்தில் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். இது எனக்கு இப்போது தெரியும். அந்த மூடுபனியில், விளக்கில்லாத அறையில், அந்தக் குரல் வந்தபோது நானும் கதவுப் பக்கம் நகர்ந்து நின்றேன் என்பதும் உண்மை.

ஒரு பிள்ளையும் பேனாவைத் தொடவில்லை. எல்லோரும் கைகளை மடியில் வைத்து ஆடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பேச்சு நின்றது. இரைச்சல் மட்டும் ஓடியது.

இந்தப் பெண் எழுந்து நின்றாள். கை கூப்பவில்லை, பயப்படவில்லை. தினமும் செய்கிற வேலை மாதிரி டேப் ரெக்கார்டரைப் பார்த்துக் கேட்டாள்.

“வந்திருக்கறது யாரு? பேரச் சொல்லு.”

அடுத்த நொடி பெட்டி பதில் சொன்னது. ஓர் ஆண் குரல், இங்கிலீஷில், என் பேர் இன்னது என்று சொன்னது. முதல் கேள்விக்கான உரையாடல் அப்படித்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் அந்த நொடியில் அப்படி யோசிக்க யாரால் முடியும்? பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாக மூச்சை விட்டார்கள். ஒரே நேரத்தில் குனிந்தார்கள். பேனாக்கள் காகிதத்தில் உரசும் சத்தம் கேட்டது.

பரீட்சைக்காரர் பாய்ந்துபோய் அவள் தாளைப் பிடுங்கினார். “வாயத் தொறந்தா வெளியன்னு சொன்னேன் இல்ல? எழுந்து போ!”

அவள் போய்விட்டாள். மற்ற பிள்ளைகள் கடைசிவரை எழுதினார்கள். சீனக்காரி ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் ஏதோ சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு காது கொடுத்து, வட்டம் போட்டார்கள். இந்தப் பெண் பேர் கேட்டதால்தான் அவர்கள் எழுதினார்கள். கேட்டவள் வெளியே நின்றாள். இதை அந்த ஆளிடம் சொன்னேன். ஒன்றுக்கு ரெண்டு தரம், சத்தமாகவே சொன்னேன்.

“ரூல்ஸ்னா ரூல்ஸ் டீச்சர். நீங்க அந்தப் பொண்ணுக்கு ஜாஸ்தி எடம் குடுக்கறீங்க.”

மழை பலமாகப் பிடிப்பதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம். பெட்டியையும் பையையும் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதை காட்ட ஆள் கேட்டார். வாசலில் ஊர் ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தரும் அசையவில்லை. அவர்களில் வயதான ஒருவர்தான் பேசினார்.

“பொட்டியில வந்தது இன்னும் மலையேறலீங்க. அதத் தூக்கிக்கினு யாரு காட்டுக்குள்ள வருவாங்க?”

“அது மிஷினுய்யா! வெறும் மிஷினு!”

“மிஷினுதான். நாங்க இல்லன்னு சொன்னமா? உள்ள வந்தத அனுப்பாம எடுத்துக்கினு போறீங்களேன்னு சொல்றம்.”

பின்னால் நின்ற ஓர் இளவட்டம் சொன்னான்: “சாருக்கு சீனா பாஷ தெரியும் போலக்குது. வழியில பேசிக்கினே போவாரு, நமக்கு இன்னா?” நாலு பேர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை.

பரீட்சைக்காரர் பெட்டியைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். மேகம் அவரை நாலு அடியில் விழுங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கோடாலிச் சத்தமும் நின்றுபோனது.

அரை மணி ஆகியிருக்கும். திரும்பி வந்தார். ஒரு செருப்பு இல்லை. முழங்காலில் சேறு. பெட்டியை மார்போடு இல்லாமல், கையை நீட்டி, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார்.

“தானா பேசுது டீச்சர்.”

“பட்டன் பட்டிருக்கும்.”

“நிறுத்தினேன். மறுபடியும் பேசுது. முன்னாடி மரத்துக்கு அந்தாண்டயிருந்தும் கேக்குது.” பள்ளத்தில் எதிரொலி அடித்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் விட்டேன். “இவங்க இன்னா செய்யணும்ன்றாங்கன்னு கேளுங்க,” என்றார்.

கேட்க என்ன இருக்கிறது? பேர் கேட்டவள்தான் அனுப்ப வேண்டும். அதைச் சொன்னேன். “அவளத்தான் நீங்க வெளிய அனுப்பிட்டீங்களே. பாதியில எழுப்பி உட்டவ எப்டி அனுப்புவா? தாளக் குடுங்க. முதல்ல இருந்து எழுதட்டும்.” நியாயம் பேசியபோது காது கொடுக்காத ஆள் இப்போது பேசாமல் பையைத் திறந்தார். எனக்கு அந்த ஆள்மேல் இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் இல்லை.

அவள் தனியாக நடு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஊரே ஜன்னலுக்கு வெளியே நின்றது. அவள் அம்மா தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்திருந்தாள். சீனக்காரி பேசும்போதெல்லாம் இந்தப் பெண் தலையை ஆட்டினாள். புரிந்தவர்கள் ஆட்டுகிற மாதிரி. பிறகு இங்கிலீஷைக் கேட்டாள், வட்டம் போட்டாள்.

பாதிக்குமேல் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. சீனக்காரியின் குரல் இழுபட்டது. தடித்தது. ஆம்பளைக் குரலாகிவிட்டது. சளி கட்டிய, வயதான, மெதுவான ஒரு குரல். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு பொம்பளை, “ஐயோ, அவரு கொரலு,” என்றாள். யார் குரல் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்ணின் அப்பா என்னோடு பலமுறை பேசியிருக்கிறார். அந்தக் குரல் அப்படித்தான் இருக்கும். கம்பியைப் பிடித்திருந்த அவள் அம்மா தலைச் சாக்கை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். 

கடைசிக் கேள்வி வருவதற்குள் டேப் நின்றுவிட்டது. சக்கரம் சுற்றவில்லை, நான் பார்த்தேன். பரீட்சைக்காரர் பட்டனைத் தட்டினார். ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண் தலையைச் சாய்த்து, அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு, ஓர் உரையாடல் ஓடி முடிகிற நேரம் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரு தரம் லேசாகத் தலையாட்டினாள். பிறகு குனிந்து வட்டம் போட்டாள்.

அவர் எல்லாத் தாள்களையும் அங்கேயே திருத்தினார். விடைக் குறிப்பையும் அவள் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடைசி வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“இது எப்டிம்மா போட்ட?”

“சொல்லிச்சி சார்.”

“டேப்பு நின்னுபோச்சே!”

“சத்தந்தான் சார் நின்னுச்சி.”

நாலு பதிலில் ஒன்று. குருட்டாம்போக்கில் வட்டம் போட்டால்கூட அமையும். ஒரு டீச்சராக அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் விரலை எடுத்தார். காலை மார்க்கையும் மதிய மார்க்கையும் கூட்டினார். எல்லாப் பிள்ளைகளையும்விட அவளுக்குத்தான் அதிகம். தாளின் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாளைக்கே வந்து சேர வேண்டும், பொருட்களை எடுத்துக்கொண்டு தன்னோடு இறங்கலாம் என்றார். தனியாக இறங்க அவருக்குத் தைரியம் இல்லை என்பது வேறு விஷயம்.

அவள் பெட்டிக்கு எதிரே போய் நின்றாள். குனிந்து, எங்களுக்குக் கேட்காமல் ஏதோ சொன்னாள். கொஞ்ச நேரம் ஆனது. நிமிர்ந்து, “மலையேறிடுச்சி,” என்றாள். வெளியே நின்ற இரண்டு ஆண்கள் உடனே உள்ளே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்கள், அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல, எந்த யோசனையும் இல்லாமல்.

நான் வெளியே ஓடி அவள் அம்மாவிடம், “சீட்டு கெடச்சிடுச்சிம்மா, ஒம் பொண்ணு தப்பிச்சா!” என்றேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், இல்லை அழுவாள் என்று. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக உள்ளே போய் மகள் எதிரில் நின்றாள்.

“கேட்டத ஒங்கப்பாரு குடுத்துட்டாரு. பதிலுக்கு நீ இன்னா குடுக்கறன்னு சொன்ன?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணும் இல்லாம அந்த ஆளு எதையும் குடுத்ததில்ல. இன்னாடி சொன்ன?”

அந்தப் பெண் தாளை மடித்து எடுத்துக்கொண்டாள். பேனாவை மூடினாள். நாங்கள் எல்லோரும் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பெட்டி தூக்கியவர்களுக்கு முன்னால் போய், பாதை தெரியாத அந்த மேகத்துக்குள் முதல் ஆளாக இறங்கினாள்.