முழங்கால்மேல் ஒரு விரல்

எங்கள் ஊர் கேபிள் டிவியில் ஞாயிறுதோறும் வரும் வினாடி வினாவைப் பத்தொன்பது வருஷம் நடத்தியவர் ஓர் உரக்கடைக்காரர். அருப்புக்கோட்டையில் அவர் குரலைத் தெரியாதவர் கிடையாது. போட்டிக்கு வரும் பிள்ளைகளே செப்புக் குடத்துக்குள் கைவிட்டுக் கேள்விச் சீட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். பிள்ளை கை படுகிற சீட்டு என்பதால் அதில் விடை இருக்காது. அவர் கேள்வியை வாசிப்பார், பிள்ளை பதில் சொல்லும், அவர் கண்ணைச் சற்றுத் தாழ்த்தி மௌனமாக நிற்பார். வீடுகளில் இட்லித் தட்டில் கையை வைத்தபடி சனம் காத்திருக்கும். பிறகு கூரை அதிர, "சரி...யான விடை!" என்பார்.

அந்த மௌனத்தை ஊரே ஸ்டைல் என்று சொல்லிக் கொண்டாடியது. ஸ்டைலும் இல்லை, ஒன்றும் இல்லை. மனிதர் என் விரலைத் தேடிக்கொண்டிருந்தார்.

கேள்விகளை எழுதியது நான். கேமராவுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். பதில் சரியென்றால் முழங்கால்மேல் ஆள்காட்டி விரலை நிமிர்த்துவேன். தப்பென்றால் கையை மூடுவேன். பாதி சரியென்றால் உள்ளங்கையை விரிப்பேன், அவர் "இன்னும் கொஞ்சம் யோசிங்க கண்ணு" என்பார். அறிவாளி என்று அவருக்கு மூன்று முறை பொன்னாடை போர்த்தினார்கள். மூன்று முறையும் நான் கூட்டத்தில் உட்கார்ந்து கைதட்டினேன்.

வருத்தம் இல்லையா என்று கேட்டால், இருந்தது. தொண்டைக்குள் இருந்தது. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். இரண்டு பாஷையிலும் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகியவள் நான். தறிக்காரர் வீட்டில் பிறந்து, தறிக்காரரைக் கட்டிக்கொண்டு, வரலாறு படித்த படிப்பை மாடியில் டியூஷனாக நடத்திக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு நாள் அந்த மைக்கைப் பிடித்து, என் கேள்வியை என் வாயாலேயே கேட்க வேண்டும். அந்த ஆசையை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

போன வருஷம் உரக்கடைக்காரருக்குத் தொண்டையில் கட்டி. மதுரையில் ஆபரேஷன் ஆகி வந்தபோது குரல் காற்றாகிவிட்டிருந்தது. பார்க்கப் போனேன். கடை வாசலில் உர மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர், பக்கத்தில் வரச் சொல்லிக் காதோரம் பேசினார்.

"கேபிள் மொதலாளிகிட்ட உள்ளதச் சொல்லிட்டேன் தாயி. இம்புட்டு நாளும் நான் வெறும் வாயிதான், மூளை டீச்சர்தான்னு சொல்லிட்டேன். புது ஆளத் தேடுறாக. நீ போயி நில்லு."

பருத்தி புடவையாய்க் காய்த்தது என்பார்களே, எனக்கு அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு டியூஷனில் யாரையும் திட்டவில்லை. பிள்ளைகளே பயந்துவிட்டார்கள்.

தேர்வு ஒரு ஞாயிறு காலையில் நடந்தது. நூல்கடை மாடியில்தான் எங்கள் ஸ்டூடியோ. பக்கத்துத் தறிகள் அன்றைக்குத்தான் நிற்கும். வந்தவர்கள் மூன்று பேர். கல்யாண வீடுகளில் மைக் பிடிக்கிற ஒருவர், செல்போனில் வீடியோ போட்டுப் பேர் வாங்கிய பாலவனத்தத்துத் தம்பி ஒருவர், அப்புறம் நான். ஆளுக்கு ஐந்து கேள்வி. பதில் சொல்ல என் டியூஷன் பிள்ளைகளையே கூட்டி வந்திருந்தேன். கேள்வியும் என்னுடையது, பிள்ளைகளும் என்னுடையவர்கள். இதில் தோற்க ஒருத்திக்குத் தனித் திறமை வேண்டும். அது எனக்கு இருந்தது.

முதல் கேள்வியைக் கேட்டேன். குரல் நன்றாகவே வந்தது. என் மாணவன் பளிச்சென்று பதில் சொன்னான். சரியான பதில். என் வலது கை இடுப்போரம் போய், ஆள்காட்டி விரல் நிமிர்ந்தது. நான் காத்திருந்தேன்.

எதற்குக் காத்திருந்தேன் என்று கேட்காதீர்கள். விரல் நிமிர்ந்தால் முன்னாலிருந்து ஒரு குரல் வரும். பத்தொன்பது வருஷமாக வந்திருக்கிறது. அன்றைக்கு வரவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். என்னுடைய ஸ்டூலில் உட்கார்ந்திருந்த முதலாளி போனிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என்ன டீச்சர், சரியா தப்பா? சொல்லுங்க."

"சரி" என்றேன். அது மைக்குக்கே கேட்டிருக்காது. இரண்டாவது கேள்விக்கு விரலை மடக்கிப் புடவைத் தலைப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அப்போது நாக்கு நின்றுவிட்டது. மூன்றாவதில் ஒரு பிள்ளை பாதி பதில் சொல்ல, நான் உள்ளங்கையை விரித்துக் காட்டியபடி நின்றேன். கேமராக்காரர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்ற இரண்டு கேள்விகளை முதலாளி கேட்கச் சொல்லவில்லை.

"ஒங்களுக்குக் கேமராவுக்குப் பின்னாடிதான் டீச்சர் ராசி" என்றார். நல்ல மனிதர், நக்கலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று அடுத்தவரைப் பார்த்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

பாலவனத்தத்துத் தம்பியைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல சிரிப்பு, நல்ல சட்டை. என்னை "ஆன்ட்டி" என்பார். குடம் மூலைக்குப் போனது. கேள்வியும் விடையும் அவர் கையிலிருந்த டேப்லெட்டில் எங்கிருந்தோ வந்து இறங்கின. "நீங்க வழக்கம்போல வந்து உக்காருங்க, பழகுன மொகம்" என்றார் முதலாளி. போகாமல் இருந்திருக்கலாம். போனேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு எங்கே போய் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நிகழ்ச்சிக்குத் திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. வெள்ளாமைக்காரரான அவள் அப்பா பின்வரிசையில் துண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கடைசிக் கேள்வி வரை அவள் பள்ளிக்கூடமும் எதிர்ப் பள்ளிக்கூடமும் சமம்.

"பருத்திச் செடியின் எந்தப் பகுதியிலிருந்து பஞ்சு கிடைக்கிறது?" என்றார் தம்பி.

"காயிலருந்து சார். காயி வெடிக்கும். உள்ள கொட்டையில ஒட்டியிருக்கும், நாங்க எடுப்போம்."

தம்பி டேப்லெட்டைப் பார்த்தார். "ஸாரி! தவறான விடை. சரியான விடை, பூ!"

பருத்தி விளைகிற கரிசல் மண்ணில், பஞ்சு எடுத்துக் காய்ப்புக் காய்த்த விரலோடு நிற்கிற பிள்ளையிடம் சொன்னார், பூ என்று. முதலாளிக்குத் தெரியும், அவருடையதே நூல்கடை. கேமராக்காரருக்குத் தெரியும். அவள் அப்பா பாதி எழுந்து, கேமரா திரும்பியதும் மறுபடி உட்கார்ந்துவிட்டார். டிவிக்காரர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ.

என் விரல் முழங்கால்மேல் நிமிர்ந்து நின்றது. நேராக, நடுங்காமல். தம்பி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவர் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. எழுந்து "நிறுத்துங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மைக் வேண்டியதில்லை, அது சின்ன அறை. எனக்கு வாய் திறக்கவில்லை. எதிர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கோப்பையைக் கொடுத்தார்கள்.

கீழே இறங்கும்போது அந்தப் பெண் படியில் எனக்காக நின்றிருந்தாள். அழுதிருக்கவில்லை.

"டீச்சர், விரலத் தூக்குனீகள்ல? நான் பாத்தேன்."

"ஆமாம்மா. நீ சொன்னதுதான் சரி."

"அது எனக்குத் தெரியும் டீச்சர். எனக்கு எதுக்குக் காட்டுனீக?"

அவள் அப்பா தெருவிலிருந்து, "ஏத்தா, பஸ்ஸு போயிரும், வா" என்று கூப்பிட்டார். அவள் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினாள்.