ராயகிரிக்குப் போன தேயிலைத் தூள்

அப்பா ஏசுவடியான் முப்பது வருடம் டீ போட்டார். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பெயர்ப்பலகை இல்லாத கடை. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று தன் பெயரில் கடை நடத்த ஆள் தேடி வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார். பலகை வந்தது, கண்ணாடிக் கதவு வந்தது, பில் போடும் மெஷின் வந்தது. கடையின் வாடகை ஒப்பந்தமும் கம்பெனி பெயருக்கு மாறியது.

இந்த வியாபாரத்தில் கம்பெனி டீ விற்பதில்லை, பெயரை விற்கிறது. முன்பணம் கட்டி அந்தப் பெயரை வாங்குபவர், கம்பெனி அனுப்பும் தூளை மட்டுமே போட வேண்டும். மாத விற்பனையில் ஒரு பங்கு கம்பெனிக்கு. ஒரு கடை ஓடினால் அதைக் காட்டி அடுத்த ஊரில் ஆள் பிடிப்பார்கள். அப்பாவின் கடை ஓடியது. ஏரியா மேனேஜர் லிங்கேஷ் புது ஆட்களை அங்கேதான் கூட்டிவருவான்.

“அண்ணாச்சிட்டயே கேளுங்க, நான் பொய் சொல்லுதேனான்னு.”

“ஓடுது வே. டீய நான் போடுதேன், பேர இவன் வாங்கிக்கிடுதான். அது ஒண்ணுதான் கொற” என்பார் அப்பா. வந்தவர்கள் சிரிப்பார்கள். ராயகிரி முத்துமணியும் கடையநல்லூர் பீர் மைதீனும் அப்படித்தான் கடை எடுத்தார்கள்.

ஒரு சித்திரையில் ராயகிரிக்குச் சரக்கு வேன் வரவில்லை. மறுநாள் அங்கே கோயில் கொடைத் திருவிழா. முத்துமணி போன் செய்தார். அப்பா ஒரு பெட்டித் தூளை ராயகிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். எங்கள் பஜாரில் இது யோசித்துச் செய்கிற காரியமல்ல. பக்கத்துக் கடையில் சீனி தீர்ந்தால் நம் கடையிலிருந்து போகும். அவருக்குச் சரக்கு வந்ததும் திரும்பி வரும். யாரும் எழுதி வைப்பதில்லை.

மெஷின் எழுதி வைத்திருந்தது. ராயகிரியில் வாங்கிய தூளைவிட விற்ற டீ அதிகம். அப்படியென்றால் வெளித்தூள். இதுபோல ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள்கள் எழுதுவதுதான் என் வேலையும். மெஷினின் கணக்கில் தப்பில்லை. பக்கத்துக் கடை என்ற ஒன்று அதற்குத் தெரியாது.

முத்துமணியின் கடையை மூடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பாவே லிங்கேஷுக்குப் போன் செய்தார்.

“ஏலே, அது வெளித்தூள் இல்லலே. நம்ம தூளுதான். நான் குடுத்துவிட்டேன்.”

“ஐயோ அண்ணாச்சி, இத ஏன் எங்கிட்ட சொன்னீங்க? இந்த போன் ரெக்கார்டு ஆகுதே.”

முத்துமணிக்கு எச்சரிக்கையோடு போயிற்று. அப்பாவின் கடை பறிபோனது. கம்பெனி சரக்கை வேறு ஊருக்குக் கொடுத்தது ஒப்பந்தத்தை மீறிய குற்றம். இரண்டு வருடம் மாவட்டத்துக்குள் அவர் டீ விற்கக் கூடாது. கம்பெனிக் கடைகளில் வேலைக்கும் நிற்கக் கூடாது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. அதே இடத்தில், அதே பலகையின் கீழ், வேறொருவர் வந்து உட்கார்ந்தார்.

அப்பா ராயகிரிக்குப் போனார்.

“சம்பளங்கூட வேண்டாம் வே. உள்ள அடுப்படியில நிக்கேன். யாரு பாக்கா?”

“கேமரா பாக்கும் அண்ணாச்சி. எங்கடையும் போயிரும்” என்று முத்துமணி அழுதிருக்கிறார். கடையநல்லூரிலும் இதே பதில். அப்பாவுக்குத் தெரிந்த கடைகளெல்லாம் அவரே சேர்த்துவிட்ட கடைகள்.

திருப்பூரில் ஒரு மில் கேன்டீனில் டீ மாஸ்டராகச் சேர்ந்தார். தினமும் லிங்கேஷைக் கூப்பிடுவார். கம்பெனி மனது வைத்தால் மறுநாளே வந்துவிடுவதாகச் சொல்லுவார். பிறகு லிங்கேஷ் எடுப்பதை நிறுத்தினான். இவர் நிறுத்தவில்லை. ஒரு நாள் பால் பாத்திரத்தை இறக்கும்போது விழுந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது மருத்துவமனையில் உடலைத்தான் கொடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த வாரம் லிங்கேஷ் துட்டி கேட்க வந்தான். அம்மா எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

“அக்கா, இந்த நேரத்துல சொல்லக் கூடாது. பஸ் ஸ்டாண்டு கடைய எடுத்தவரு விடுதேன்னுட்டாரு. நாங்களும் ஆள் தேடிப் பாத்தாச்சு, ஒருத்தரும் அமையல. அண்ணாச்சி குடும்பம்னா கம்பெனி பழசப் பேசாது. முன்பணத்தக்கூட கொறைக்கச் சொல்லுதேன்.”

அம்மா நிமிர்ந்தாள்.

“அவரு விடுதேன்னு எப்பம் சொன்னாரு?”

“அது ஆச்சு, ரெண்டு மாசம்.”

“ரெண்டு மாசமும் இவரு உன்னக் கூப்புட்டுக்கிட்டுத்தானலே இருந்தாரு.”

லிங்கேஷ் எழுந்து வாசலில் செருப்பைத் தேடினான்.