ஸ்மார்ட் போர்டும் இரண்டாவது பக்கமும்

எங்கள் பள்ளிக்கு ஆறு ஸ்மார்ட் போர்டுகள் இலவசமாக வந்த அன்று எல்லோருக்கும் கேசரி கிண்டிப் போட்டது எங்கள் ஆயா. மூன்று வருடம் கழித்து அந்தப் போர்டுகளுக்காக வேலையை விட்டு அனுப்பப்பட்டதும் அவர்தான். நடுவில் ஒரே ஒரு தாள் இருக்கிறது. அதை டைப் செய்தவள் நான்.

பெங்களூர் ஈஜிபுராவில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் நான் ஆபீஸ் கிளார்க். பெயர்தான் கிளார்க். அட்மிஷன், பீஸ் ரசீது, டி.சி., தண்ணீர் லாரிக்குப் போன் போடுவது, கோபமாக வரும் பெற்றோரிடம் திட்டு வாங்குவது எல்லாமே நான்தான். பெயிண்ட் அடிக்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர் பிள்ளைகள்தான் எங்களிடம் படிக்கிறார்கள். ஒரு டெர்ம் பீஸை நாலு தவணையாகக் கட்டுவார்கள். நானும் வாங்கிக்கொள்வேன்.

ஆயாவும் நானும் கோலார் தங்கவயல்காரர்கள். சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி அவர் வீடு. சுரங்கம் மூடியதும் ஊரே பெங்களூருக்குக் கிளம்பியதைப் போல நாங்களும் வந்து சேர்ந்தோம். இந்த வேலைக்கு அவரைக் கூட்டி வந்தது நான்தான். பிள்ளைகளுக்கு ஆயா, எனக்கு அக்கா. எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டு வகுப்பும் அவர் பொறுப்பு. முகத்தைப் பார்த்தே எந்தப் பிள்ளைக்குப் பாத்ரூம் அவசரம், எது டிபன் டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறது என்று சொல்லிவிடுவார். கன்னடம், தமிழ், உருது என்று அழுகிற பிள்ளை எந்த மொழியில் அழுகிறதோ அதே மொழியில் சமாதானம் செய்வார்.

எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்றிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் ஒரே நிற டீ-ஷர்ட், ஒரே அளவு சிரிப்பு. ஆறு போர்டு தருவோம், மூன்று வருடத்துக்கு சாப்ட்வேர் இலவசம், அதன் பிறகு வரும் செலவு பள்ளியுடையது என்றார்கள். விண்ணப்பத்தோடு ஒரு பட்ஜெட் வேண்டும் என்றும் கேட்டார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அதை என் தலையில் கட்டினார்.

நான் இரண்டு பக்கம் தயாரித்தேன். முதல் பக்கத்தில் அவர்கள் வாங்கித் தருவது, இரண்டாவது பக்கத்தில் அதை வைத்துக்கொள்ள நாங்கள் வருடா வருடம் கொடுக்கப் போவது. யு.பி.எஸ். பேட்டரி மூன்று வருடம்தான் தாங்கும் என்று தெரு முனைக் கடைக்காரரிடம் கேட்டு எழுதினேன். சாப்ட்வேர் புதுப்பிக்கும் தொகை, கூடுதல் கரண்ட், ரிப்பேர் ஆள் வந்து எட்டிப் பார்த்தாலே கொடுக்க வேண்டிய கூலி, ஜன்னல் வெயில் போர்டில் அடிக்காமலிருக்கத் திரைச்சீலை வரை எதையும் விடவில்லை. தங்கவயலில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுரங்கம் வெட்டுவது ஒரு முறை செலவு. அதில் ஊறும் தண்ணீரை இறைப்பது தினம் தினம் செலவு. இறைக்கப் பணம் போட ஆளில்லாமல் போனதும் என் அப்பா வேலை பார்த்த ஆழமெல்லாம் இன்று தண்ணீருக்குள் கிடக்கிறது.

அந்த இரண்டாவது பக்கத்தில் நெடுக்காகக் கோடு போட்டு மூன்று பத்திகள் பிரித்திருந்தேன். என்ன செலவு, வருடத்துக்கு எவ்வளவு, பணம் எங்கிருந்து. முதல் இரண்டையும் நிரப்பினேன். மூன்றாவதைக் காலியாக விட்டேன். அதை நிரப்புவது பள்ளிக் கமிட்டியின் வேலை, என் வேலை இல்லை என்று நினைத்தேன்.

பள்ளியின் செகரெட்டரி படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கன்னடக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். "இந்த செகண்ட் பேஜ் பேடா, வேண்டாம் மேடம். பொண்ணு பாக்க வந்தவங்க கிட்ட யாராச்சும் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ட நீட்டுவாங்களா?"

ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்தார். வெட்கமில்லாமல் நானும் சிரித்தேன். ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றி, இரண்டாவது பக்கத்தை எடுத்து என் மேஜை டிராயரில் போட்டேன். முதல் பக்கம் மட்டும் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனது.

ரிப்பன் வெட்டினார்கள். கேசரி நன்றாக இருந்தது. வாசலில் 'ஸ்மார்ட் ஸ்கூல்' என்று பேனர் கட்டி, அடுத்த ஜூனில் பீஸையும் ஏற்றினோம்.

பிறகு நான் எழுதியது ஒவ்வொன்றாக நடந்தது. வெயில் அடித்தது, திரைச்சீலை வாங்கினோம். திரை போட்டதும் வகுப்பு இருட்டாகிவிட்டது, லைட் வாங்கினோம். கரண்ட் பில்லைப் பார்த்து ஹெட்மிஸ்ட்ரஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். மூன்றாம் வருடம் பேட்டரிகள் பூரி மாதிரி உப்பின. கடைசியில் ஒரு திங்கட்கிழமை, ஆறு போர்டுகளும் சந்தா முடிந்துவிட்டது என்று ஒரே குரலில் சொல்லிவிட்டு நின்றன. கம்பெனிக்குப் போன் போட்டேன். எங்களிடம் வந்து சிரித்தவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை. புதிதாக வந்த பெண் தேனாகப் பேசினாள். தொடர் செலவுக்குத் தருவது அவர்கள் கொள்கையில் இல்லையாம். அதற்குள் பெற்றோர் வாசலில் கூடிவிட்டார்கள். "பேனர பாத்துதானம்மா சேத்தோம்? ஏத்தின பீஸ திருப்பித் தருவீங்களா?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் என்ன தப்பு?

கமிட்டி கூடியது. செகரெட்டரி, ஹெட்மிஸ்ட்ரஸ், இரண்டு உறுப்பினர்கள், குறிப்பெடுக்க நான். செகரெட்டரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இப்படி செலவு வரும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் டிராயரிலிருந்து அந்தத் தாளைக் கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். "எனக்குத் தெரியும் சார்," என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிடம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மூன்று வருடம் டிராயரில் பூட்டி வைத்திருந்த சந்தோஷம். அவர் முகம் தொங்கிப்போவதைப் பார்க்கக் காத்திருந்தேன்.

முகம் தொங்கவில்லை. நிதானமாகப் படித்தார். "சூப்பர் மேடம். எல்லாமே கரெக்டா இருக்கு." பச்சை மைப் பேனாவை எடுத்து மொத்தத் தொகையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். சம்பளப் பதிவேட்டைக் கேட்டார். நானே எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அக்காவின் பன்னிரண்டு மாதச் சம்பளமும் நான் போட்டிருந்த மொத்தமும் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம்.

"எல்.கே.ஜி. மிஸ்ஸுங்க ரெண்டு பேர் இருக்காங்கல்ல, அவங்களே புள்ளைங்கள பாத்துக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, காலியாகக் கிடந்த மூன்றாவது பத்தியில் கன்னடத்தில் 'ஆயா' என்று எழுதினார். எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியும்.

"சார், ரொம்பச் சின்னப் புள்ளைங்க சார்..." என்றேன்.

"வேற எங்கயாச்சும் எடுக்கலாம்னா சொல்லுங்க மேடம், மாத்திடலாம்," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். பதிவேடு திறந்தே இருந்தது. அக்காவின் வரிக்கு நேர் மேல் வரி என்னுடையது. தொகையும் கொஞ்சம்தான் அதிகம். நான் பதிவேட்டை மூடினேன்.

"இத சுத்தமா டைப் பண்ணி ஒரு காப்பி எடுத்துடுங்க," என்றார். எடுத்தேன். அக்காவை விடுவிக்கும் கடிதத்தையும் நான்தான் டைப் செய்தேன். ஒரு மாதச் சம்பளம் சேர்த்துக் கொடுத்தார்கள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்காக வைத்திருந்த பழைய ஜட்டி, பாவாடைகளைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார்.

போர்டுகள் மறுபடி ஓடின. மிஸ்கள் இருவராலும் வகுப்பை விட்டு நகர முடியவில்லை. அதனால் பதினொரு மணிக்கு நான்தான் பிள்ளைகளை வரிசையாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போகிறேன். இதற்கு எந்தப் பக்கத்திலும் பத்தி கிடையாது. ஒரு பெண் குழந்தை என்னோடு வரவே மாட்டாள். "ஆயா எல்லி?", ஆயா எங்கே என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே நனைத்துவிடுவாள். அவள் பாவாடையை அலசும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கும்.

நாலைந்து மாதம் கழித்து அக்காவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பி.ஜி. ஹாஸ்டலில் வேலையாம். மூன்று மாடி கூட்டிப் பெருக்கித் துடைக்க வேண்டும். லிப்ட் தங்கியிருக்கிறவர்களுக்கு மட்டும்தானாம். முழங்காலில் துணி சுற்றியிருந்தார்.

"போர்டெல்லாம் ஓடுதாம்மா?" என்று கேட்டார்.

"ஓடுதுக்கா."

அதற்கு மேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இரண்டாவது பக்கம், டிராயர், பச்சை மை எல்லாம். "இவ்வளவு செலவு வரும்னு மூணு வருஷம் முன்னாடியே எழுதி வெச்சேன்கா. அந்தாளு கேக்கல. என் தப்பு இல்லக்கா," என்று அழுதேன்.

அக்காவுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"மூணு வருஷம் முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"ஆமாக்கா."

"பணம் எங்கேருந்துன்னு ஒரு எடம் விட்டியே, அது யாரு சோத்துலேருந்து வரும்னு உனக்குத் தெரியாதா? சம்பளம் எழுதுறவ நீதான?" முழங்கால் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னார். "அவங்களுக்கெல்லாம் டைப் அடிச்சுக் குடுத்த. அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, முட்டி நல்லா இருக்கும்போதே வேற எடம் பாத்துட்டுப் போயிருப்பேனேமா."

பஸ் வந்தது. அக்கா இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.